மின்கல ஒலிமிகைப்பிகளில் மின்னழுத்த உயர்த்தல்

மின்னழுத்த உயர்த்தல் என்பது, மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் ஆம்பிளிஃபயர் எனப்படும் ஒலிமிகைப்பிக்கு மின்கலத்தினதைவிடக் கூடிய மின்னழுத்தத்தை வழங்கும் முறை ஆகும். ஒற்றை லித்தியம் அயனி மின்கலம் ஏறத்தாழ 3.6 வோல்ட் தரும். இழப்புகளைப் புறக்கணித்தாலும், பாலச் சுற்று மிகைப்பி இதைக்கொண்டு 8 ஓம் ஒலிபெருக்கிக்கு உருக்குலையாத சைன் அலையாக 0.8 வாட்டு அளவே தர இயலும். வழங்கலை 10 வோல்ட்டாக உயர்த்தினால் 6.25 வாட்டு கிடைக்கும். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்வதே காரணம்.

உயர்த்திச் சுற்றில் திரிதடையம் கடத்தும்போது மின்தூண்டியில் ஆற்றல் சேர்கிறது. கடத்தல் நின்றதும் அவ்வாற்றல் மின்கல அழுத்தத்துடன் கூடி, இருமுனையம் வழியே மின்தேக்கியை நிரப்புகிறது.

உயர்த்தியும் டி வகுப்பு மிகைப்பியும் தலா 90 விழுக்காடு பயனுறுதிறன் உடையவை எனில் மொத்தம் 81 விழுக்காடே. அந்த 6.25 வாட்டுக்கு மின்கலம் 2.1 ஆம்பியர் தரவேண்டும். பழைய அல்லது குளிர்ந்த மின்கலத்தில் அகத்தடை மிகுவதால் அழுத்தம் சரிந்து, பாட்டின் உச்சத்தில் கருவியே அணைந்துவிடக்கூடும். ஆகவே அழுத்தம் தாழும்போது ஒலியளவைக் குறைக்கும் காப்புச் சுற்று இன்றியமையாதது.

இசையில் உச்சங்கள் அரிதாதலால் எந்நேரமும் 10 வோல்ட் வழங்குவது வீண். எச் வகுப்பு முறையில் சமிக்கையின் அளவுக்கேற்ப வழங்கல் ஏறி இறங்குகிறது.

தமிழ்நாட்டுத் தேர்தல் பரப்புரை ஊர்திகளின் 12 வோல்ட் மிகைப்பிகளில், வழங்கலை உயர்த்தாமல் வெளியீட்டு மின்மாற்றியைக் கொண்டு ஒலிச் சமிக்கையின் அழுத்தத்தை உயர்த்துவதும் உண்டு. எடை கூடும்; பழுதுபார்ப்பது எளிது.