சந்தா எல்லோருக்கும், சலங்கை யாருக்கு?

காமன் கூத்துக்கு எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் டிக்கெட் கிடையாது. ஆனால் அதை யாரும் சும்மா பார்த்ததும் இல்லை. கோயில் சந்தா, சம்பளப் பதிவேடான செக்ரோலிலேயே பிடிபடும். போதாததற்கு மாசி பிறந்தால் கமிட்டிக்காரர்கள் லயம் லயமாக வருவார்கள்; அரிசி, தேங்காய், முடிந்த காசு. கம்பத்துக்கு மரம் வெட்டவும், விடியவிடியக் கூத்து நடந்த மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைக் கொஞ்சம் தள்ளிவைக்கவும் தோட்டத் துரையின் தயவு வேண்டும்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் பௌர்ணமி வரை கவிச்சி தொடமாட்டார்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கிளம்புகிறான். ரதி கெட்ட கனவு கண்டு தடுக்கிறாள். கேட்காமல் போய் எரிந்து சாம்பலாகிறான். கதை இவ்வளவுதான். அதை வீரபத்திரன், எமன், தூதன், குறவன் குறத்தி என்று ராத்திரி முழுக்க இழுப்பதுதான் கூத்து. டிக்கோயாவில் நான் வளர்ந்த டிவிஷனில் தப்புக் காய்ச்சக் கவ்வாத்து மலையிலிருந்து மிலாறு என்ற காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கட்டிவருவது பிள்ளைகளின் வேலை. மாசிப் பனியில் தோல் தொய்ந்துவிடும். பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, தோல் சூடேறட்டும் என்பார் கூத்து வாத்தியார் மாமா.

தப்படித்தவர்கள் பறையர் குடும்பத்தார். கூத்தின் மூச்சே அவர்கள் கையில்தான். பந்தியில் மட்டும் கடைசி இலை. கோப்பிக் காலத்தில் ஆள் கட்டிவந்த பெரிய கங்காணிக்கு முதல் வெற்றிலை கொடுத்த அதே சபைதான் அது. கூத்து ஊரையே ஒன்றாக்கியது என்று விழா மேடைகளில் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1948இல் எங்கள் மக்களின் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஹற்றன் ஸ்டேஷனில் ஒப்பாரியோடு கிளம்பிய தலைமன்னார்க் கோச்சியில் எங்கள் எமனும் போனார், வீரபத்திரனும் போனார். வேஷம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. குடும்பமே போய்விட்டால் பாட்டும் போச்சு. அப்போதுதான் பக்கத்து டிவிஷன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முன்பு ஆகாது என்று தள்ளிவைத்த குடும்பத்துப் பையனுக்கும் கிரீடம் கிடைத்தது. ஆள் பஞ்சம் செய்த காரியம் அது. யாருக்கும் மனம் திருந்திவிடவில்லை.

சிறுவயதில் கால் சூம்பிப்போன ஒரு சித்தப்பாவுக்குத் தூதன் வேஷம். நொண்டி நொண்டியே அடவு வைப்பார். அவர் வந்தால்தான் தூங்கிய பிள்ளைகள் எழும்பும். மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் ஒரே மேடையில் ஆடவைக்க, சுனேத்ரா பண்டாரநாயக்கவும் வொல்ஃப்காங் ஸ்டாங்கேயும் சுனேரா மன்றத்தைத் தொடங்கியது 2000இல். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

ஆக, கால் சூம்பியவருக்கும் இடம் இருந்தது. பெண்ணுக்கு இல்லை. ரதிக்குச் சேலை கட்டியது என் அப்பா. கட்டியது அம்மாவின் கூறைச்சேலையை. கொழுந்து கிள்ளித் தோட்டத்தைத் தாங்கியவர்கள் பெண்கள். 1984 வரை அவர்களுக்கு நாட்சம்பளம் ஆண்களைவிடக் குறைவு. பல வீடுகளில் அந்தச் சம்பளத்தையும் புருஷன்தான் கைநீட்டி வாங்கினான். சந்தா மட்டும் எங்கள் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே கணக்கு. என்னைக் கேட்டால், காமனை ஊன்றியது கம்பம் பிடித்தவர்கள் அல்ல, கூடை சுமந்தவர்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் ஒருமுறை பெண்பிள்ளைகள் ரதி ஆடக் கேட்டார்கள். விரதம், தீட்டு என்று கமிட்டி இழுத்தது. கூட்டத்தில் பின்னால் நின்ற கொழுந்துக்கார அக்கா ஒருத்தி, "தீட்டு நாள்ல கிள்ளுன கொழுந்துக்கும் சேத்துத்தானே சந்தா வெட்டுறீங்க, தலைவரே?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அந்த வருஷம் ரதியின் தோழிகளாக இரண்டு பிள்ளைகளை ஆடவிட்டார்கள். ரதி வேஷம் அப்போதும் ஒரு பையனுக்குத்தான்.