மீன் தொட்டியில் பாசியா? மருந்து ஊற்றாமலே கட்டுப்படுத்தலாம்

செடிகள் வைத்து அழகாக அமைத்த மீன் தொட்டி முதல் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு கண்ணாடியில் பழுப்புப் படலம் ஒட்டும். சில நாளில் இலைகளில் பச்சை நூல் தொங்கும். அந்த நேரத்தில் பலர் கடையில் பாசிக்கொல்லி மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். இல்லாவிட்டால் தொட்டியை அடியோடு காலி செய்து, கல், மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறார்கள். இரண்டுமே மீனுக்கு ஆபத்து.

பாசிக்கொல்லி மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருக்கும். அது இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஒரே நாளில் மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஃபில்டரைக் குழாய் நீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குளோரின் பட்டு அழியும். பிறகு அம்மோனியா ஏறி மீன்கள் சாகும். பாசியும் திரும்ப வரும்.

பாசி ஏன் வளர்கிறது?

மீன் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகிய இலை ஆகியவை நீரில் அம்மோனியாவாகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தீனியிலிருந்து பாஸ்பேட்டும் சேர்கிறது. இந்தச் சத்துகளும் வெளிச்சமும்தான் செடிக்கு உணவு. பாசிக்கும் அதே உணவுதான். செடிகள் செழிப்பாக வளரும் தொட்டியில் பாசிக்கு இடம் குறைவு. ஆகவே வெளிச்சத்தைக் குறைப்பது, கழிவைக் குறைப்பது, செடியைக் கூட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பலன் தரும்.

எந்தப் பாசி என்று பாருங்கள்

பழுப்புப் படலம்: புதுத் தொட்டியில் வரும் டயாட்டம். துடைத்துவிட்டால் போதும், சில வாரங்களில் தானே குறையும்.

பச்சை நூல் பாசி: பழைய பல் துலக்கும் பிரஷில் சுற்றி இழுத்து எடுக்கலாம்.

பச்சை நீர்: மிதக்கும் நுண்பாசி. தொட்டியைக் கறுப்புத் துணியால் 3 அல்லது 4 நாள் முழுவதுமாக மூடி, தீனி போடாமல், காற்று பம்பை மட்டும் ஓட விடவேண்டும். துணியை எடுத்ததும் நீரில் பாதியை மாற்றவேண்டும்.

கறுப்புத் தாடிப் பாசி: இலை ஓரத்திலும் கட்டையிலும் கறுப்பு மயிர்க்கொத்தாக இருக்கும். தேய்த்தாலும் போகாது. பிடித்த இலையை வெட்டி எறிவதே நல்லது.

நீலப்பச்சைப் படலம்: தோல் போல் உரியும், நாற்றம் அடிக்கும். உண்மையில் இது பாக்டீரியா. பாசி தின்னும் மீன்கள் இதைத் தொடாது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டவேண்டும்.

வெளிச்சம்

காலை எழுந்ததும் போட்ட தொட்டி விளக்கை இரவு தூங்கப் போகும்போது அணைக்கும் வீடுகள் உண்டு. அது 15 மணி நேரத்தைத் தாண்டிவிடும். செடிகளுக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் டைமர் பொருத்தி, மாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை எரிய விடலாம். சன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் நீர் சூடேறி பாசி இன்னும் வேகமாகப் பரவும்.

செடிகள்

தொடக்கத்திலேயே நிறைய செடிகளை வைக்கவேண்டும். ஹார்ன்வொர்ட் போல் வேகமாக வளரும் செடிகள் சத்துகளை முந்திக்கொண்டு உறிஞ்சும். கியம்பாங் போன்ற மிதக்கும் செடிகள் நிழலும் தரும். ஆனால் மேற்பரப்பில் பாதிக்கு மேல் பரவ விடாமல் வாரந்தோறும் அள்ளவேண்டும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் மெதுவாக வளர்பவை. அவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டவேண்டும்.

தீனியும் நீரும்

இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போதும். வீட்டில் ஆளுக்கொரு முறை தீனி போடுவதை நிறுத்தி, ஒருவர் மட்டும் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த மீன்களுக்கு வாரம் ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது.

வாரம் ஒரு முறை 25 முதல் 30 விழுக்காடு நீரை மாற்றவேண்டும். ஃபில்டர் பஞ்சை அப்படி எடுத்த பழைய நீரிலேயே பிழிய வேண்டும். வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது குளோரினுக்கு மட்டும் பொருந்தும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோராமின். அது வாளியில் வைப்பதால் போகாது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவு பார்த்துச் சேர்க்கவேண்டும்.

பாசி தின்னும் உயிர்கள்

அமானோ இறால் நூல் பாசியை நன்றாகத் தின்னும். நெரைட் நத்தை கண்ணாடியைச் சுத்தம் செய்யும். அதன் குஞ்சுகள் நல்ல தண்ணீரில் வளராததால் தொட்டியில் பெருகாது. தாடிப் பாசியைத் தின்னும் மிகச் சில மீன்களில் ஒன்று சியாமிஸ் ஆல்கே ஈட்டர். உடம்பின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். சைனீஸ் ஆல்கே ஈட்டர் வேறு மீன். பெரிதானதும் மற்ற மீன்களைத் துரத்தி, அவற்றின் உடம்பிலேயே ஒட்டி உறிஞ்சும்.

மலேசியாவில் பலர் முதலில் வாங்குவது ‘இக்கான் பண்டாராயா’. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது; அது போடும் கழிவே பாசிக்குத் தீனியாகிவிடும். அப்போது பாவம் என்று ஆற்றில் விட்டவர்களால்தான் கிள்ளான், லங்காட் ஆறுகளில் அது பெருகிப்போனது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத மீனையோ நத்தையையோ செடியையோ ஆற்றிலும் கால்வாயிலும் விடவே கூடாது. மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

மேற்சொன்ன மாற்றங்களைச் செய்தால் 3, 4 வாரங்களில் வித்தியாசம் தெரியும். நடுவில் பொறுமை இழந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கல்லில் கொஞ்சம் பச்சை இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இறாலுக்கும் நத்தைக்கும் அதுவே சாப்பாடு.