வாலிகண்டபுரத்துப் போரும் பார்ப்பவர் நின்ற இடமும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நெடுஞ்சாலை வழியே செல்வோர், பெரம்பலூரை அடைவதற்குச் சற்று முன் வாலிகண்டபுரத்தைக் கடந்து செல்கின்றனர். வாலீசுவரர் கோயிலுக்காக இவ்வூரை அறிந்தோர் பலர். அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியோரும் உண்டு. ஆனால் இன்று அமைதியாகத் தோன்றும் இந்நிலப்பகுதி, ஒரு காலத்தில் பீஜப்பூர் சுல்தான்களின் ஆளுநர் வீற்றிருந்த தலைமையிடம் என்பதையும், 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரு நவாபுகளின் பெயரால் மோதிக்கொண்ட களம் என்பதையும் நம்மில் அறிந்தவர் சிலரே.

அந்தப் போரின் கதையை நாம் இங்கே எழுதுவது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கணக்கிடுவதற்காக அன்று. ஒரே நிகழ்ச்சி, பார்ப்பவர் நின்ற இடத்துக்கேற்ப எத்தனை வடிவம் கொள்கிறது என்பதை நம் சொந்த மண்ணிலிருந்தே அறிந்துகொள்வதற்காகும். நாள்தோறும் கைபேசியில் வந்து குவியும் செய்திகளை நம்பி, நட்பையும் பகையையும் தீர்மானித்துக்கொள்ளும் இக்காலத்தில், இந்தப் பாடம் நம் இல்லங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

முதலில் நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஆற்காட்டு நவாபாக இருந்த தோஸ்த் அலி கான் 1740-இல் மராட்டியருடன் நடந்த போரில் உயிரிழந்தார். அவருடைய மருமகன் ஹுசைன் தோஸ்த் கான் என்னும் சந்தா சாஹிப். பின்னர் ஹைதராபாத் நிஜாமால் ஆற்காட்டுக்கு நியமிக்கப்பட்டவர் அன்வருத்தீன் கான். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டதும், அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். சந்தா சாஹிபைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆதரித்தார். முஹம்மது அலியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆதரித்தது. 1751-இல் சந்தா சாஹிப் திருச்சிராப்பள்ளியை நோக்கிப் படையெடுத்தபோது, அவரை வழிமறிக்கக் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஓர் ஆங்கிலப்படை புறப்பட்டது. இரு படைகளும் சந்தித்த இடமே வாலிகண்டபுரம்.

அங்கிருந்த கோட்டையின் தலைவர் இரு தரப்பாரிடமும் பேச்சு நடத்திக்கொண்டே நாள்களைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் ஊரைத் தாக்கினர். கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. கோட்டைத் தலைவர் சந்தா சாஹிபின் பக்கம் சாய்ந்தார். அடுத்து நிகழ்ந்த மோதலில் ஆங்கிலப்படை கலைந்து பின்வாங்கி, இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கே ஒதுங்கியது. பின்னாளில் பெரும்புகழ் பெறவிருந்த ராபர்ட் கிளைவ் அன்று அப்படையில் ஒருவராக இருந்தார்.

இனி, இதை எழுதியவர்கள் நின்ற இடங்களைக் காண்போம்.

ஆங்கிலத்தில் இப்போரை விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். கம்பெனியின் சென்னை ஆலோசனைக் குழுவில் இருந்த அவர், இந்தியாவில் பிரித்தானியரின் போர்நடவடிக்கைகளைப் பற்றிய தம் வரலாற்று நூலின் முதல் தொகுதியை 1763-இல் இலண்டனில் வெளியிட்டார். தம்மவரின் படை குலைந்தோடியதை அவர் மறைக்கவில்லை, அது பாராட்டுக்குரியது. ஆயினும் அவர் கண்ணுக்கு இது ஆங்கிலப் படையின் மானம் பற்றிய கதை. வாலிகண்டபுரம் அவருக்கு ‘வோல்கொண்டா’. ஒரு பாறை, ஒரு கோட்டை, ஓர் ஆற்றுப்படுகை. அங்கே வாழ்ந்த மக்கள் அக்கதையின் ஓரத்தில்கூட நிற்கவில்லை.

பாரசீகத்தில் எழுதப்பட்ட ‘துஸுக்கே வாலாஜாஹீ’ முஹம்மது அலியின் அரசவையைச் சார்ந்த நூல். இதன் ஆசிரியர் புர்ஹான் இப்னு ஹசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேரறிஞர் முஹம்மது ஹுசைன் நயினார் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1930-களில் வெளியிட்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி. இந்நூலின் பார்வையில் முஹம்மது அலியே உரிமையுள்ள நவாப். சந்தா சாஹிப் கலகக்காரர். அதே சந்தா சாஹிபைத் தோஸ்த் அலியின் குடும்ப வழியில் நின்று நோக்கியோருக்கு, அன்வருத்தீன் குடும்பமே இடையில் வந்து பதவியைப் பெற்றது.

மூன்றாவது இடம் புதுச்சேரி. துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் களத்தில் நின்றவர் அல்லர். ஓலைகளும் கடிதங்களும் ஆள்மூலம் வந்த சேதிகளுமே அவரை அடைந்தன. வணிகரான அவருக்குப் போர் என்பது சரக்கு, கடன், பதவி, துரையின் மனநிலை ஆகியவற்றோடு பின்னிப்பிணைந்தது.

இவர்களுக்குள் நாள்கூட ஒன்றன்று என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினர். பிரெஞ்சுக்காரரோ புதிய நாட்காட்டியைப் பின்பற்றினர். இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. நவாபின் அவையில் அது ஹிஜ்ரி 1164. தமிழ் மக்களுக்குப் பிரஜோற்பத்தி ஆண்டு. ஒரே பொழுதில் ஒரே வெயிலில் நின்றவர்கள், அது எந்த நாள் என்பதற்கே வெவ்வேறு விடை கூறியிருப்பர். அவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பார்வை வேறுபடுவது வேறு, பொய் சொல்வது வேறு. ‘ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மை’ என்று கூறி, உண்மையே இல்லை என்ற முடிவுக்குச் செல்வது அறிவுடைமை ஆகாது. ஆங்கிலப்படை பின்வாங்கியது என்பது எந்த நாட்காட்டியிலும் உண்மையே. அதற்குக் காரணம் எது, அதன் பொருள் என்ன, யாருக்காக அழுவது என்பவற்றில்தான் நின்ற இடம் வேலை செய்கிறது.

இன்னொரு கண்ணாடி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அதே 1751-இன் இறுதியில், கிளைவ் பிடித்திருந்த ஆற்காட்டுக் கோட்டையைச் சந்தா சாஹிபின் மகன் முற்றுகையிட்டார். கடைசித் தாக்குதல் முஹர்ரம் நாள்களில் நடந்தது. 1840-இல் கிளைவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மெக்காலே, அதனை முஸ்லிம்களின் சமயவெறியாகத் தீட்டிக் காட்டினார். ஆனால் கிளைவ் எந்த நவாபின் உரிமைக்காகப் போரிடுவதாகக் கூறிக்கொண்டாரோ, அந்த முஹம்மது அலியும் முஸ்லிமே. இரு அரியணைப் போட்டியாளரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். அரசியல் போட்டியாக இருந்தது, எழுதியவரின் கண்ணாடி வழியே சமயப் போராக மாறிற்று.

இக்கண்ணாடி இன்றும் நம் நாட்டில் புழங்குகிறது. ‘இந்து – முஸ்லிம்’ என்ற இரு பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய போர்கள் அனைத்தையும் அவற்றுள் போட்டு மூட முயல்கின்றனர். வாலிகண்டபுரத்தின் வரலாறு அப்பெட்டிக்குள் அடங்காது. 1670-களில் இங்கே பீஜப்பூரின் ஆளுநராக இருந்தவர் ஷேர் கான் லோடி. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கால்கொள்ள இடமளித்தவர் அவரே. அவருக்கும், அதே பீஜப்பூரின் சார்பில் செஞ்சியை ஆண்ட நாசிர் முஹம்மதுக்கும் கடும் பகை. 1677-இல் தெற்கே வந்து ஷேர் கானை வென்றவர் சிவாஜி. அந்தச் சிவாஜியோ, கோல்கொண்டாவின் சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டே வந்தார். அச்சுல்தானின் முதன்மை அமைச்சர் மாதண்ணா ஒரு பிராமணர். இதில் எது இந்துப் படை, எது முஸ்லிம் படை? பெட்டியுடன் வருபவர் விடை சொல்லட்டும்.

ஆனால் பிறர் கண்ணாடியைக் குறை கூறிவிட்டு நம் கண்ணாடியைத் துடைக்காமல் விடுவது நீதியன்று. சந்தா சாஹிபை ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரராக மட்டும் பேசுவோர் நம்மிடையே உண்டு. அவரே 1730-களில், திருச்சிராப்பள்ளியில் ஆண்ட நாயக்க அரசி மீனாட்சிக்கு அளித்த வாக்கை மீறி நகரைக் கைப்பற்றியவர். குர்ஆன் மீது ஆணையிட்டதாக நம்பவைத்து, துணியில் செங்கல்லைச் சுற்றி வைத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. செங்கல் கதை உண்மையோ அன்றோ, வாக்குமீறல் வரலாறு. நம்மவர் என்பதற்காக அதனை மறைத்தால், மெக்காலே செய்ததையே நாமும் செய்தவர் ஆவோம். தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே ஆனாலும் நீதியுடன் சாட்சி கூறுமாறு ஸூரத்துந் நிஸா நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை அநீதிக்குத் தூண்டிவிடலாகாது என ஸூரத்துல் மாயிதா எச்சரிக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே ஒரு முஃமினின் பார்வை.

நம் முன்னோர் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர். 1377-இல் தம் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், வரலாற்றில் பொய் நுழையும் வழிகளை வரிசைப்படுத்துகையில், ஒரு கருத்தின் மீதுள்ள சார்பை அவற்றுள் ஒன்றாகக் காட்டினார். சார்பு குடிகொண்ட உள்ளம், தனக்கு ஒத்த செய்தியை உடனே ஏற்றுக்கொள்கிறது. ஆராயும் கண் மூடிக்கொள்கிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியை மட்டும் நோக்கவில்லை; அதைச் சொன்னவரின் நேர்மை, நினைவாற்றல், அவர் யாரிடம் கேட்டார், அவரை உண்மையிலேயே சந்தித்தாரா என்பதெல்லாம் ஆய்ந்தனர். அந்தக் கலையின் வாரிசுகளான நாம், அனுப்பியவர் யாரென்றே தெரியாத காணொளியைக் குடும்பக் குழுவில் ஒரு நொடியில் பகிர்ந்துவிடுகிறோம்.

இன்றைய உலகைப் பாருங்கள். காஸாவில் குழந்தைகள் மடிகையில் நம் இல்லங்கள் கண்ணீர் வடிக்கின்றன. அது ஈமானின் அடையாளம். ஆனால் 2023 ஏப்ரல் முதல் சூடானில் அந்நாட்டு இராணுவமும் துரித ஆதரவுப் படையும் மோதி, இலட்சக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் வீடிழந்து அலைகின்றனவே, அதுபற்றி நம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டோம்? இரு தரப்பாரும் முஸ்லிம்களாக இருப்பதால், நாம் பழகிய சட்டகத்துக்குள் அந்தத் துயரம் பொருந்தவில்லை. பொருந்தாததைக் கண் காண்பதில்லை. கர்நாடகப் போர்களில் நம் மண் இருந்த நிலையும் அதுவே: இருபுறமும் நம்மவர், பின்னால் அந்நியர், நடுவே மக்கள்.

ஆகவே ஒரு செய்தி வந்து சேரும்போது, பிள்ளைகளுடன் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதைச் சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார்? எதிரில் நிற்பவர் இதை எவ்வாறு சொல்வார்? இதில் யாருடைய குரல் சிறிதும் கேட்கவில்லை? ஸூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடும் ஆராய்ச்சிக்கு இக்கேள்விகள் வாயிலாக அமையும்.

மூன்றாவது கேள்வியை மீண்டும் வாலிகண்டபுரத்தில் கேட்டுப் பாருங்கள். ஓர்ம் எழுதினார், நவாபின் அவைப் புலவர் எழுதினார், புதுச்சேரித் துபாஷ் எழுதினார். அன்று தாக்கப்பட்ட ஊரில் வாழ்ந்தோர், படைகள் மிதித்த வயலுக்கு உரியோர், புகையைக் கண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கக்கூடிய தாய்மார் ஆகியோரின் கூற்றாக அந்நூல்களில் எதுவும் இல்லை. அவர்கள் கோயிலுக்குச் சென்றவரா, பள்ளிவாசலுக்குச் சென்றவரா என்று குண்டுகள் கேட்டிருக்க மாட்டா. எழுதப்படாத அவர்களின் பார்வையை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அனைத்துப் பக்கங்களையும் ஒருசேரக் காண்பவன் அவன். நாமோ ஓரிடத்தில் நின்று ஒரு பக்கத்தை மட்டும் காண்போர். இந்த உணர்வு உள்ளத்தில் இருக்குமாயின், நம் நாவும் விரலும் தாமாகவே நிதானம் கொள்ளும். உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு விலகவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.