பாரிஸ் சித்திரமும் கோவில்பட்டிக் காலண்டரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து யந்திரசாலைகளில் ஆயுத பூஜையன்று சந்தனமிட்டு மாலை சாத்திய யந்திரங்களின் நடுவே சரஸ்வதியின் படத்தை வைத்து வணங்குகிறார்கள். அத்தகைய படங்களில் காணும் உடலின் திரட்சிக்கும் பட்டின் பளபளப்பிற்கும் பாரிஸ் நகரத்துச் சித்திர மரபோடு உறவுண்டு என்பது பலரும் அறியாதது.

1648-ல் பாரிஸில் ஸ்தாபிதமான சித்திர அகாதமி, மாணாக்கன் முதலில் தேர்ந்த சித்திரங்களையும், பின்பு சுண்ணச் சிலைகளையும், இறுதியில் உயிருள்ள மனித உடலையும் பார்த்து வரையவேண்டும் என்று விதித்ததோடு, புராணத்தையும் சரித்திரத்தையும் தீட்டுவதே சித்திரக் கலையின் சிகரம் என்றும் கொண்டது. அந்த மரபின் பிரதிநிதியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் புகழெய்திய பூக்ரோவின் காலத்திலேயே, இங்கே ரவிவர்மா ஐரோப்பிய ஓவியர்களின் அச்சுப் படங்களைக் கூர்ந்து பயின்று, தைல வர்ணத்தில் நம் தேவதைகளுக்கு மானிட மேனி தந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவி, அரண்மனைச் சித்திரத்தை ஏழையின் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் இவ்வழியைத் தொடர்ந்தவர்களுள் சிரேஷ்டமானவர் சி. கொண்டையராஜு. 1898-ல் மயிலாப்பூரில் பிறந்து, அலெக்ஸாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-ல் தொடங்கிய சென்னைக் கலாசாலையில் பயின்ற அவர், திருவண்ணாமலையில் ரமணரின் சந்நிதியில் சில காலம் வாழ்ந்து, பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். மணம் செய்துகொள்ளாத அவருக்குச் சீடர்களே குடும்பம்; டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலானோர் அவரிடம் குருகுல முறையில் பயின்றார்கள். குருவின் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்தே பல படங்களில் கையெழுத்தாக நின்றது. நாடகத் திரையில் அவர் பயின்ற மண்டபமும் தூணும் வானமும் தெய்வங்களுக்குப் பின்புலமாயின. சிவகாசி அச்சகங்கள் அப்படங்களைக் காலண்டர்களாக்கி ஊர்தோறும் சேர்த்தன. 1976-ல் அவர் காலமானார்.

பாரிஸில் நவீன ஓவியர்கள் எழுந்தபின் அகாதமி மரபு பழமை என்று ஒதுக்கப்பட்டது. இங்கோ அதே அப்பியாசம் பக்தியோடு கலந்து புத்துயிர் பெற்றது. எனினும், கோடானுகோடி மக்களின் மனத்தில் தெய்வ வடிவைப் பதித்த இந்தக் கைகளைக் காலண்டர் எழுதியவை என்பதற்காகவே நம் கலை விமரிசகர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அச்சுத்தாள் கிழிந்துபோகலாம்; அதற்கு மூலமான சித்திரங்களையேனும் தேடிச் சேர்த்துக் காப்பது நம் கலைக்கூடங்களின் கடமை.