ஃபோர்ஸ்கோலின்

ஃபோர்ஸ்கோலின், மருந்துக் கூர்க்கன் செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் டைட்டர்பீன் வகைச் சேர்மம். மூலக்கூற்று எடை சுமார் 410. உயிரணுக்குள் செய்தி கடத்தும் அடினைலில் சைக்ளேஸ் நொதியை இது நேரடியாகத் தூண்டுகிறது.

தாவரம்

மருந்துக் கூர்க்கன், துளசியும் கற்பூரவல்லியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சேலம் வட்டாரத்தில் பணப்பயிராக விளைகிறது. நுனித்தண்டை வேர்விடச் செய்து நடுவார்கள்; ஐந்தாறு மாதத்தில் கிழங்கைத் தோண்டி, நறுக்கி, வெயிலில் உலர்த்துவார்கள். நூற்புழுவும் வேரழுகலும் இப்பயிரின் பெரும் பகைகள்.

கண்டுபிடிப்பு

1970களில் இரண்டு இந்திய ஆய்வுக்கூடங்கள் இச்சேர்மத்தைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கோலியனால் என்றது. பம்பாயின் ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் ஃபோர்ஸ்கோலின் என்றது. இரண்டும் ஒன்றே என்பது 1980களில் உறுதியானது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருளாக அறியப்பட்ட இது நொதியைத் தூண்டுவதை, 1981இல் அமெரிக்காவில் சீமன், பாட்ஜெட், டேலி ஆகியோர் வெளியிட்டனர்.

செயல்படும் விதம்

அட்ரினலின் போன்ற ஹார்மோன் உயிரணுச் சவ்விலுள்ள ஏற்பியில் பொருந்தினால், ஜி புரதம் விழித்து அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்கும். நொதி ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றும். அது புரதக் கைனேஸ் ஏ நொதியின் தடைப்பகுதியில் ஒட்டி, வினைபுரியும் பகுதியை விடுவிக்கும். ஃபோர்ஸ்கோலினுக்கு ஹார்மோனும் வேண்டாம், ஏற்பியும் வேண்டாம். அடினைலில் சைக்ளேஸின் வினைப்பகுதி இரண்டு துண்டுகளாலானது. ஃபோர்ஸ்கோலின் அவற்றின் இடைவெளியில் அமர்ந்து இரண்டையும் இறுகச் சேர்க்கிறது. 1997இல் வெளியான படிக அமைப்பு இதைக் காட்டியது. ஜி புரதமும் உடனிருந்தால் தூண்டுதல் பன்மடங்காகும். சவ்வில் பதிந்த ஒன்பது வகை அடினைலில் சைக்ளேஸ்களில் ஒன்பதாம் வகை மட்டும் இதற்கு எளிதில் இணங்குவதில்லை.

பயன்

சைக்ளிக் ஏஎம்பி கூடினால் இதயத் துடிப்பு வலுக்கும்; இரத்தக் குழாய்கள் தளரும். நீரில் கரையும்படி மாற்றப்பட்ட கோல்ஃபோர்சின் டாரோபேட், ஜப்பானில் கடும் இதயச் செயலிழப்புக்கு மருந்தானது. ஆய்வகத்தில், ஒரு விளைவு சைக்ளிக் ஏஎம்பியால் நேர்கிறதா என்றறிய ஃபோர்ஸ்கோலின் இடுவது வழக்கம். ஆனால் இது சில அயனிக் கால்வாய்களையும் குளுக்கோஸ் கடத்திகளையும் தனியே பாதிக்கும். ஆகவே, நொதியைத் தூண்டாத அதன் உறவுச் சேர்மமான டைடியாக்சி ஃபோர்ஸ்கோலினையும் இட்டு ஒப்பிடுவர். உடல் எடை குறைக்கும் என்று விற்கப்படும் கிழங்குச் சாற்றுக்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை.