எட்டும் தூரமும் தகும் தூரமும்

1907ஆம் ஆண்டில் குமாவூன் மலைநாட்டில், சம்பாவத் என்னும் ஊரின் அருகே ஒரு பெண்புலி சுட்டு வீழ்த்தப்பட்டது. முதலில் நேபாளத்திலும் பின்னர் குமாவூனிலுமாக அது கொன்ற மக்களின் தொகை 436 என்று கணக்கிட்டிருந்தார்கள். சுட்டவர் ஜிம் கார்பெட். இறந்த புலியின் வாயை அவர் பார்த்தபோது வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு வரை தகர்ந்திருந்தது. என்றோ, யாரோ சுட்ட குண்டு படவேண்டிய இடத்தில் படாமல் பல்லிற்பட்டுச் சென்றதன் அடையாளம் அது. இயல்பான இரையைப் பற்றிக் கொல்ல இயலாமற்போன அவ்விலங்கு மனிதரை நாடியது என்று கார்பெட் முடிவு செய்தார்.

தொலைவிலிருந்து சுடுவதற்கு எத்தகைய துப்பாக்கி ஏற்றது என்னும் கேள்வியை வேட்டைக்காரர்களின் பொழுதுபோக்குப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது என்பதற்காகவே இந்நிகழ்ச்சியை முதலில் கூறினேன். துப்பாக்கியின் குண்டு எட்டும் தூரம் வேறு. அதைக் கொண்டு ஒருவன் சுடத்தகும் தூரம் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதற்கு நடந்த முயற்சியே இக்கருவியின் வரலாறு எனலாம்.

'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கிய மொழியில் தோன்றி, பல மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. 'ரைபிள்' என்பது குழலின் உட்புறத்தில் திருகுபோல் புரி வெட்டப்பட்ட துப்பாக்கி. புரியினூடே செல்லும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டு செல்வதால் தடுமாறாமல் நேரே போகிறது. இனி, 'போல்ட்' என்னும் உறுப்புக்கு என்ன பெயரிடுவது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இத்தகைய இடங்களில் அகராதிகளைப் புரட்டிக் களைத்துப்போவது வழக்கம். இங்கே அத்தொல்லை இல்லை. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்தான் அது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் தோட்டா அறை திறக்கும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் மூடிக்கொள்ளும்.

இத்தாழ்ப்பாளைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டிரைசே. அவர் அமைத்த ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்ய அரசு 1841இல் ஏற்றுக்கொண்டது. 1866ஆம் ஆண்டுப் போரில், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளை வைத்திருந்த ஆஸ்திரிய வீரர்கள் நின்றுகொண்டு கெட்டிக்க வேண்டியிருந்தது. பிரஷ்யரோ தரையிற் படுத்தவாறே பின்புறத்தைத் திறந்து தோட்டாவைச் செலுத்தினர். ஆயினும் காகிதத் தோட்டா ஆதலின் வெடிப்புகை தாழின் இடுக்கு வழியாகப் பீறிட்டு வந்தது. பித்தளைத் தோட்டா வந்த பின்னரே இக்குறை தீர்ந்தது. வெடிக்கும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் புகை பின்னே வர வழியில்லை.

இதன் பின்னர் இரு வழிகள் பிரிந்தன. பால் மௌசர் 1898இல் நிறைவுபடுத்திய அமைப்பில், தாழின் முன்முனையிலேயே இரண்டு புடைப்புகள் உள்ளன. அவை தோட்டாவுக்கு மிக அருகில் பூட்டிக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த அமைப்பிலோ பூட்டு பின்புறத்தில் இருக்கிறது. லீயின் துப்பாக்கியைத் திறந்து மூடுவது எளிது, விரைவும் மிகுதி. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். போர்வீரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குண்டு படவேண்டும் என்று விரும்புகிறவனுக்கு மௌசரின் இறுக்கமே உகந்தது. முன்னே பூட்டினால் வெடியின் விசையால் தாழ் நெகிழ்வது குறைவு. மேலும் மௌசரில் ஒரு நீண்ட கொக்கி, தோட்டா கிளம்பும்போதே அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டு அறைக்குள் இட்டுச்சென்று, சுட்டபின் வெளியே இழுத்து எறியும் வரையில் விடுவதில்லை.

லீயின் வழிவந்த லீ-என்பீல்டு துப்பாக்கி நம் நாட்டிலேயே பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. கல்கத்தாவில் வாழும் தமிழர்கள், சியால்டாவிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் பாரக்பூரைக் கடந்தபின் இச்சாப்பூர் என்னும் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலை 1904இல் நிறுவப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அதே பழைய அமைப்பில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி ஒன்றையும் அத்தொழிற்சாலை செய்தளித்தது.

இத்தனை துப்பாக்கிகள் இங்கே செய்யப்பட்டும், இராணுவம் பயன்படுத்திய .303 அங்குலத் தோட்டாவை இந்திய வேட்டைக்காரன் வாங்க முடியவில்லை. 1857ஆம் ஆண்டை ஆங்கில அரசு மறக்கவேயில்லை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தது; ஐரோப்பியருக்கோ அதிலிருந்து விலக்கு அளித்தது. சேனையின் தோட்டா பொதுமக்கள் கையில் சேரலாகாது என்பது கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அங்குலத் தோட்டாவுக்கும் இந்தியாவில் தடை வந்தது. உடனே இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்மியர்கள் .465, .470 என்று சற்றே மாறிய அளவுகளில் புதிய தோட்டாக்களைப் படைத்துவிட்டனர்! லீயின் தாழை வைத்தே .315 அங்குலத் துப்பாக்கிகள் செய்யப்பட்டதும் இத்தடையின் விளைவுதான். விடுதலைக்குப் பின்னும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் அவ்வேற்பாடு நீடித்தது. நம் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென விற்ற துப்பாக்கியும்.315தான். ஆக, இந்நாட்டில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவன் வேட்டைக்காரன் என்பதைவிட அரசாங்கம் என்பதே பொருந்தும்.

கார்பெட்டின் கதைக்கு மீண்டும் வருவோம். சம்பாவத் புலிக்காக அவர் எடுத்துச்சென்றது .500 அங்குல இரட்டைக் குழல் துப்பாக்கி. கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட நேர்ந்தது. புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினெண்டு கவர்னராக இருந்த சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனம் மௌசர் தாழை வைத்துச் செய்த .275 அங்குலத் துப்பாக்கி அது. முன்னதன் குழலில் பாதியளவே கொண்ட அச்சிறு துப்பாக்கி வாழ்நாள் முழுவதும் அவருக்கு உற்ற துணையாயிற்று. குண்டு சிறிது, வேகம் பெரிது, உதைப்புக் குறைவு. உதைக்கும் என்று அஞ்சாதவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவதில்லை. நல்ல துப்பாக்கியின் இலக்கணங்களில் இதையும் ஒன்றாக நான் சேர்ப்பேன்.

மற்ற இலக்கணங்கள் எண்ணளவில் சில. அரை வினாடியில் எப்பொருளும் நான்கு அடி கீழே விழும்; குண்டுக்கும் இதில் விலக்கில்லை. ஆகவே குண்டு எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ அவ்வளவு குறைவாகத் தாழும். நூறு கஜத்தில் மூன்று அங்குலம் சிதறும் துப்பாக்கி முந்நூறு கஜத்தில் ஒன்பது அங்குலமேனும் சிதறும். புள்ளிமானின் உயிர்நிலை ஒரு சாணுக்கும் குறைவானது. அப்படியானால் முந்நூறு கஜத்தில் அத்துப்பாக்கியால் சுடுவது தகுமா? கட்டை நன்கு உலர்ந்த மரத்தால் ஆனதா என்றும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் ஊறிப் பருத்த மரம் குழலை ஒருபுறமாக நெருக்கினால், கோடையில் சரிபார்த்த குறி கார்காலத்தில் பிசகிவிடும். விசை திடுக்கென இழுபடாமல் கண்ணாடி முறிவதுபோல் துண்டாக விடுபடவேண்டும்.

அடர்ந்த காட்டில் நெடுந்தொலைவுக்குத் தேவையே இல்லை. மலைச்சரிவுகளில்தான் அது தேவைப்பட்டது. நீலகிரியில் வரையாட்டைச் சுடச் சென்ற ஆங்கிலேயர்கள் பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரையை நோக்கிச் சுட்டார்கள். அடிபட்ட ஆடு செங்குத்தான பாறையிலிருந்து உருண்டு, எடுக்கவும் இயலாத ஆழத்தில் விழுவதுண்டு. வேட்டையை வரம்புக்குட்படுத்த 1877இல் அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டது. 1879இல் சட்டமும் வந்தது. நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. அதனுடன் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை முடிவுற்றது.

தாழ்ப்பாள் துப்பாக்கி மட்டும் முடிவுறவில்லை. 1951இல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகராகிய மாவ்லங்கர் அதற்குத் தலைமை தாங்கினார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவரும் ரயில்வே ஊழியருமான ஸ்வப்னில் குசாலே, ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுடவேண்டிய போட்டி அது. தோட்டாவின் அளவு .22 அங்குலந்தான். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஏறத்தாழ நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.