ஆற்றுக்கால் பொங்காலை: சுற்றுலாப் பயணிகள் அறிந்திருக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் நடைபெறும் ஆற்றுக்கால் பொங்காலை, பெண்கள் மட்டுமே பொங்கலிடும் பெருவிழாவாகும். 'பெண்களின் சபரிமலை' என்று அழைக்கப்படும் ஆற்றுக்கால் பகவதி அம்மன் கோயிலில் 1997 பிப்ரவரி 23 அன்று 15 லட்சம் பெண்களும், 2009 மார்ச் 10 அன்று 25 லட்சம் பெண்களும் பங்கேற்றது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

கண்ணகியுடன் தொடர்பு

மதுரையை எரித்த கண்ணகி, கொடுங்கல்லூர் செல்லும் வழியில் கிள்ளியாற்றங்கரையில் உள்ள ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது ஐதீகம். ஆற்றைக் கடக்க உதவுமாறு ஒரு சிறுமி முல்லுவீட்டுப் பெரியவரிடம் கேட்டதாகவும், பின்னர் அவள் மறைந்து, அவரது கனவில் தோன்றிக் கோயில் எழுப்பும் இடத்தைக் காட்டியதாகவும் தலவரலாறு கூறுகிறது. தமிழகத்திலிருந்து, குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து, பெண்கள் திரளாக வருவதற்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

எப்போது, எவ்வாறு?

கார்த்திகை நட்சத்திர நாளில் காப்புக் கட்டுதலுடன் பத்து நாள் விழா தொடங்குகிறது. கண்ணகியின் கதையைக் கூறும் தோற்றம்பாட்டு நாள்தோறும் பாடப்படுகிறது. பூர நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் ஒன்பதாம் நாளில் பொங்காலை நடைபெறுகிறது. அன்று பாட்டில் பாண்டிய மன்னன் வதம் செய்யப்படும் பகுதி முடிந்ததும், கருவறையிலிருந்து தந்திரி எடுத்துத் தரும் தீயால் மேல்சாந்தி பண்டார அடுப்பை மூட்டுகிறார். அந்தத் தீயே அடுப்பிலிருந்து அடுப்பாகக் கைமாறி, நகரின் சாலைகளெங்கும் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவுகிறது.

பச்சரிசி, வெல்லம், தேங்காய் சேர்த்த பாயசத்துடன், இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தெரளியும், தலைவலி நீங்க வேண்டிப் படைக்கும் மண்டைப்புட்டும் சமைக்கப்படுகின்றன. பிற்பகலில் பூசாரிகள் தீர்த்தம் தெளித்த பின்னர், பெண்கள் பானைகளுடன் வீடு திரும்புகின்றனர்.

பார்வையாளரா, பங்கேற்பாளரா?

ஸ்பெயினின் புனோல் நகரில் நடைபெறும் தக்காளித் திருவிழாவுக்கு 2013 முதல் கட்டணச் சீட்டு விதிக்கப்பட்டு, பங்கேற்போர் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. ஆற்றுக்காலில் சீட்டு இல்லை. சாதி, மத வேறுபாடின்றி எந்தப் பெண்ணும் சாலையோரத்தில் மூன்று செங்கற்களை அடுக்கி அடுப்பு வைக்கலாம். வெளிநாட்டுப் பெண்களும் அவ்வாறே பங்கேற்கின்றனர். மணக்காட்டில் உள்ள பள்ளிவாசல் பக்தர்களுக்காகத் தன் வளாகத்தைத் திறந்துவிடுகிறது.

ஆண்களுக்குப் பொங்கலிட அனுமதி இல்லை. குடிநீர், உணவு வழங்குதல் போன்ற பணிகளில் அவர்கள் ஈடுபடுகின்றனர். இது வழிபாடு என்பதால், பொங்கலிடுவோரை அனுமதியின்றிப் படமெடுப்பதையும் அடுப்புகளைத் தாண்டி நடப்பதையும் பயணிகள் தவிர்ப்பது நன்று. புகையும் வெயிலும் கடுமையாக இருக்கும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. பருத்தி உடை அணிவதும், தண்ணீரை உலோகப் பாத்திரத்தில் எடுத்துச் செல்வதும் உகந்தவை. பிளாஸ்டிக்கைத் தவிர்க்குமாறு மாநகராட்சி ஆண்டுதோறும் வலியுறுத்துகிறது. கோயில், திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், அன்று சாலைகள் அடைபடுவதால் நடந்தே செல்ல நேரிடும்.

குத்தியோட்டம் குறித்த விவாதம்

விழாவையொட்டி விரதமிருக்கும் சிறுவர்களின் விலாவில் மெல்லிய உலோகக் கம்பி கோக்கும் குத்தியோட்டச் சடங்கும் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டில், அப்போதைய சிறைத்துறைத் தலைவர் ஆர்.ஸ்ரீலேகா இதனை விமர்சித்து எழுதியதையடுத்து, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. இது பாரம்பரிய நேர்ச்சை எனப் பக்தர்கள் கூறுகின்றனர். குழந்தைகளின் விருப்பமும் உடல்நலமும் கருதப்பட வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

அடுப்புக் கற்கள் வீடாகின்றன

கொரோனா பரவலால் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பெண்கள் தங்கள் வீடுகளிலேயே பொங்கலிட்டனர். 2023-இல் வீதிகள் மீண்டும் நிறைந்தன. பொங்காலை முடிந்ததும் நகரைத் தூய்மைப்படுத்தும் மாநகராட்சி, சாலைகளில் விடப்படும் செங்கற்களைச் சேகரித்து, ஏழைகளுக்கான வீட்டுவசதித் திட்டத்துக்குப் பயன்படுத்துகிறது. அரை நாள் அடுப்பாக இருந்த கற்கள், வீடற்ற குடும்பங்களின் சுவர்களாகின்றன.